பாயசத்தில் விஷம் வைத்தது யார்?

குடும்பச் சித்திரங்களில் ஒளிந்திருக்கும் நீதியைப் பற்றிக் கீழப்பாவூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சம்பாஷணை

தென்காசியில் பஸ் ஏறி, திருநெல்வேலி ரோட்டில் பாவூர்ச்சத்திரத்தில் இறங்கினால், அடுத்த ஊர் கீழப்பாவூர். பதினாறு கைகளோடு நரசிம்மர் கோயில் கொண்டிருக்கும் ஊர். பெரிய குளமும் நெல் வயலும் உள்ள ஊர். இதெல்லாம் வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமை. ஊருக்குள் நடந்து பாருங்கள். திண்ணையிலும் முன்கட்டிலும் பெண்கள் மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கை இலையில் இருக்கும். கண் டெலிவிஷனில் இருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். எனக்குச் சித்தி முறையாகும் ஓர் அம்மாளின் வீடு. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கே காற்றில் ஈரம் ஏறிவிடும். சுற்றிய பீடி காயாது. அதனால் எல்லாக் கட்டுகளையும் அடுப்பங்கரைப் பக்கம் அடுக்கிவிட்டு, சித்தி, அவருடைய மாமியார், மகள் மூவரும் முன்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். டெலிவிஷனில் 'சூர்யவம்சம்' ஓடிக்கொண்டிருந்தது.

"இது எத்தனையாவது தடவை, சித்தி?" என்று கேட்டேன்.

"கல்யாணப் பந்தியிலே சாம்பார் எத்தனை தடவை வந்துதுன்னு யாராவது எண்ணுவாகளா? உக்காருய்யா, நல்ல கட்டம்" என்றார்.

நல்ல கட்டம்தான். சின்னராசுவைக் கௌரி வேண்டாம் என்று சொல்லும் கட்டம். படிக்காதவனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. அங்கேதான் கதையின் துன்பமெல்லாம் தொடங்குகிறது. தந்தை மகனை வெறுப்பதற்கும் அதுதான் காரணமாகிறது.

"திமிரைப் பாத்தியா! தங்கமான பயல். அவனைப் போயி வேண்டாங்கா" என்றார் சித்தி.

பீடி இலையை அளவுத் தகட்டில் வைத்து வெட்டிக்கொண்டிருந்த மகளின் கத்தரிக்கோல் நின்றது.

"இதுலே என்னம்மா திமிரு? பிடிக்கலேன்னு சொல்லுதா. அவ்வளவுதானே?"

சித்தி பதில் சொல்லவில்லை. நூலைப் பல்லால் அறுத்தார். ஆச்சி என்னைப் பார்த்தார். இந்தப் பேச்சு சினிமாவைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். மகள் பி.எஸ்சி. தேறியிருக்கிறாள். 'குரூப்' பரீட்சைக்குப் படிக்கிறாள். அத்தை மகன் ஒருவன் இருக்கிறான். பத்தாவதோடு நின்றவன். பாவூர்ச்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். குடி, சீட்டு எதுவும் கிடையாது. சின்ன வயதிலேயே பெரியவர்கள் பேசி வைத்தது. அன்று மாலை அத்தை வருவதாக இருந்தது.

இந்த நிலையில் டெலிவிஷனில் கௌரி வந்து நிற்கிறாள்! பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரே பாட்டில் கலெக்டர்

'சூர்யவம்சம்' 1997-ல் வந்த படம். விக்ரமன் எழுதி டைரக்ட் செய்தது. ஆர்.பி. சௌத்ரியின் சூப்பர் குட் பிலிம்ஸ் தயாரிப்பு. சரத்குமார் தந்தை சக்திவேல் கவுண்டராகவும் மகன் சின்னராசுவாகவும் இரட்டை வேடம் போட்டார். தேவயானி நந்தினியாக வந்தார். தமிழில் ஓடு ஓடு என்று ஓடிய பிறகு தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் போயிற்று. 1999-ல் அமிதாப் பச்சன் நடித்து ஹிந்திக்கும் போயிற்று. ஹிந்திப் படம் கொட்டகையில் எடுபடவில்லை. ஆனால் டெலிவிஷனில் அதைப் போட்ட கணக்கு அந்தச் சானல்காரர்களுக்கே தெரியுமோ, என்னவோ! வடநாட்டில் அது ஒரு தேசிய வேடிக்கையாகிவிட்டது.

படத்தைக் குறை சொல்வதற்கு முன் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். மனைவியைப் படிக்கவைத்து, அவள் தன்னைவிட உயர்ந்ததைப் பார்த்து மார்தட்டிக்கொள்ளும் கணவனை 1997-ல் ஒரு வியாபாரப் படம் கதாநாயகனாக்கியது. இது சின்ன விஷயமில்லை. தாத்தாவும் பேரனும் ஊருக்குத் தெரியாமல் சந்தித்துக்கொள்ளும் காட்சிகளிலும் நிஜமான ஈரம் உண்டு. ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டு இருக்கிறதே!

வீட்டை விட்டு வெளியேறிய தம்பதிகள். கையில் காசில்லை. ஒரு பாட்டு ஆரம்பமாகிறது. பாட்டு முடிவதற்குள் கணவன் பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். ஊரே கேலி செய்து அலுத்துப்போன காட்சி இது. நான் கேலி செய்ய வரவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் என்னென்ன காணாமல் போயின என்று பார்க்கத்தான் ஆசை.

ஐ.ஏ.எஸ். பரீட்சை என்பது முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்று மூன்று படி. ஒன்றில் வழுக்கினால் மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். மூன்றும் தேறினாலும் உடனே ஜில்லா கலெக்டர் நாற்காலி வராது. மசூரியில் பயிற்சி, பிறகு உதவிக் கலெக்டர், சப் கலெக்டர் என்று வருஷங்கள் போகும். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் சோறு பொங்கியது யார்? குழந்தை அழுதால் தூக்கியது யார்? புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? முதல் தடவை தவறியிருந்தால் கணவன் முகம் எப்படி இருந்திருக்கும்? இதுதான் குடும்பக் கதை. இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதுவது கஷ்டம். பாட்டு வைப்பது சுலபம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கதாசிரியர் ஒரு முடிச்சைப் போடுகிறார். அவிழ்க்க வரவில்லை. உடனே ஒரு பாட்டை வைக்கிறார்; ஒரு விபத்தை வைக்கிறார்; வில்லனைக் கூப்பிட்டு விஷம் கலக்கச் சொல்கிறார். கதை இற்றுப்போகிற அந்த இடத்தில்தான் நீதி ஒன்று சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது. வசனத்தில் சொல்கிற நீதியைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வீடு வருவதற்குள் மறந்துவிடுகிறோம். யாருக்குப் பரிசு, யாருக்குப் பழி என்று கதை பங்கு வைக்கிறதே, அது மட்டும் மனசில் தங்கிவிடுகிறது.

சூர்யவம்சத்தின் பங்கைப் பாருங்கள். கௌரிக்கும் படிப்பு உண்டு, நந்தினிக்கும் படிப்பு உண்டு. கௌரி தன் படிப்பை வைத்து ஒருவனை வேண்டாம் என்று சொல்கிறாள், அது திமிர். நந்தினி அதே ஒருவனை வேண்டும் என்று வருகிறாள். அவளுக்குக் கலெக்டர் உத்தியோகம். வசனம் என்னவோ பெண் கல்வியைத்தான் புகழ்கிறது. கதை மட்டும், பெண்ணுக்குப் படிப்பு கணவன் கையிலிருந்து வரவேண்டிய சீதனம் என்று காதோடு சொல்லிவிட்டுப் போகிறது. பாட்டில் மறைந்துபோன வருஷங்களைக் காட்டியிருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. படிப்பு அவளுடைய தூக்கத்திலிருந்தும் இடுப்பு வலியிலிருந்தும் வந்தது என்பதை நாமே கண்ணால் பார்த்திருப்போம்.

மின்சாரம் செய்த வைத்தியம்

இது விக்ரமன் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் குடும்பச் சித்திரங்களின் பரம்பரைச் சொத்து.

1959-ல் வந்த 'பாகப்பிரிவினை'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ. பீம்சிங் டைரக்ஷன். அண்ணன் தம்பி குடும்பம். நடுவில் சுவர் எழும்புகிறது. கை கால் விளங்காத கண்ணையனாகச் சிவாஜி கணேசன். அந்த ஒரு கையையும் காலையும் வைத்துக்கொண்டு அவர் செய்த நடிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1965-ல் பீம்சிங்கே அதை ஹிந்தியில் 'கான்தான்' என்று எடுத்தபோது, சுனில் தத் அதே வேடத்துக்குப் பிலிம்பேர் பரிசு வாங்கினார். அவ்வளவு பலமான பாத்திரம்.

படம் நெடுகிலும் கண்ணையன் நமக்கு நிரூபிப்பது என்ன? ஊனம் உடம்பில்தான், மனுஷனில் இல்லை என்பது. பொன்னி அவனை அப்படியே ஏற்றுக்கொள்கிறாள். நாமும் ஏற்றுக்கொள்கிறோம். முடிவில் என்ன நடக்கிறது? சிறுவயதில் மின்சாரம் தாக்கி முடங்கிய கையும் காலும், மறுபடி மின்சாரம் தாக்கியவுடன் சரியாகிவிடுகின்றன! கொட்டகையில் ஒரே கைதட்டல்.

கைதட்டியவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் தட்டியிருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கை விளங்காமலே அவன் நல்லவனாக வாழ்ந்து முடித்தால் குறைந்தா போயிற்று? இரண்டரை மணி நேரம் சொன்ன நீதியைக் கடைசி ஐந்து நிமிஷம் வாபஸ் வாங்கிக்கொள்கிறது. நல்லவனுக்கு உடம்பும் நன்றாக வேண்டும் என்ற பழைய எண்ணம் மின்சாரக் கம்பி வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. போலியோவால் கால் சூம்பிப்போன ஒரு பையன் அன்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால், என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்?

சாட்டை பேசிய வசனம்

1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா'. பி. மாதவன் டைரக்ஷன். சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. மூக்கையனாகச் சிவாஜி, கல்பனாவாக ஜெயலலிதா. பட்டணத்துப் பெண் பட்டிக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். தலைப்பே ஒரு விவாத மேடை: பட்டிக்காடா, பட்டணமா? பேசவேண்டிய விஷயம்தான். பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள் கிராமத்து வீட்டில் எதைத் தாங்க முடியாமல் தவிக்கிறாள், கிராமத்தான் எதை விட்டுக்கொடுப்பான், எதை விட மாட்டான் என்று இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஜெயலலிதாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது. சிவாஜியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் விவாதம் முற்றும்போது சாட்டை வருகிறது. மூக்கையன் மனைவியைச் சாட்டையால் அடிக்கிறான். கல்பனாவுக்குக் கொடுக்கவேண்டிய பதில் வசனத்தை எழுதக் கதாசிரியருக்கு மனம் வரவில்லை. அல்லது கை வரவில்லை. அவள் பக்கத்து வாதத்தையெல்லாம் நாகரிக மோகம், பார்ட்டி, ஆட்டம் என்று மலிவாக்கி வைத்துவிட்டார். மலிவான வாதத்துக்கு மலிவான பதில் போதுமே! தலைப்பில் கேட்ட கேள்வி பட்டிக்காட்டைப் பற்றியது. படம் கொடுத்த விடையோ பெண்டாட்டியை அடக்குவதைப் பற்றியது. கொட்டகையில் ஆண்கள் விசிலடித்தது பட்டிக்காட்டின் பெருமைக்கு மட்டும்தானா?

அமெரிக்காவில் 1934 முதல் 1968 வரை படக் கம்பெனிகளே சேர்ந்து ஒரு விதிமுறையை நடத்தின. தப்புச் செய்தவர் தண்டனை பெறாமல் படம் முடியக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே அங்கே நீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டியதில்லை, அச்சடித்தே வைத்திருந்தார்கள். நமக்கு அச்சடித்த விதி கிடையாது. ஆனால் எது தப்பு என்று கதாசிரியர் மனசில் ஒரு பட்டியல் இருக்கிறது. மாமியாரை எதிர்த்துப் பேசுவது, தனிக்குடித்தனம் கேட்பது, கட்டிக்கொள்ள மாட்டேன் என்பது! கொலைகாரனாவது கடைசிக் காட்சியில் திருந்தித் தப்பிப்பான். தனிக்குடித்தனம் கேட்ட மருமகள் தப்பித்த படம் எத்தனை?

கோடு போட்ட வீடு

ஒன்று உண்டு. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். 1986-ல் ஏவி.எம். தயாரித்து விசு எழுதி, டைரக்ட் செய்து, நடித்த 'சம்சாரம் அது மின்சாரம்'. நல்ல ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதாகிய தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த படம்.

அதிலும் வீடு பிரிகிறது. எதனால் என்று பாருங்கள். வில்லன் இல்லை, சூழ்ச்சி இல்லை. மூத்த மகன் சிதம்பரம் கணக்குப் பார்க்கிறவன். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். ஒரு ஆள் சாப்பாடு குறைகிறதே, வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஏன் குறைக்கக் கூடாது என்கிறான். ரகுவரன் அதைச் சொல்லும்போது உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்தே தீர வேண்டும். அந்தச் சில ரூபாயிலிருந்து வார்த்தை வளர்கிறது. வார்த்தையிலிருந்து கோபம். நடு வீட்டில் கோடு விழுகிறது. நாடக மேடையில் பழகிய கை விசுவுடையது. ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் எங்கிருந்து வரும் என்று தெரிந்த கை.

பிரசவம் முடிந்து திரும்பும் மருமகள் உமா, பிரிந்த வீட்டை ஒட்டவைக்கப் படாத பாடு படுகிறாள். லட்சுமியின் நடிப்பு அது. கடைசியில் எல்லோரும் மனம் மாறிச் சேர்ந்து நிற்கிறார்கள். வேறு படமானால் அங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள். உமா போடவிடவில்லை. வேண்டாம், தனித்தனியே இருப்போம், விடுமுறை நாளில் வந்து கூடிக்கொள்வோம் என்று சொல்லிவிடுகிறாள். பட்ட காயம் பட்டதுதான், கூட்டி வைத்தால் மறுபடி கீறும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தனிக்குடித்தனத்தை வில்லியின் வாயிலிருந்து எடுத்து, வீட்டுக்காக உழைத்தவளின் வாயில் வைத்தார் விசு. நீதியை ஒளித்து வைக்கவில்லை. மேஜைமேல் வைத்தார். பிடிக்காதவர்கள் எதிர்த்துப் பேச இடம் இருந்தது. பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள்.

அந்தப் படத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கல்யாணமான பெண் சண்டைபோட்டுக்கொண்டு பிறந்த வீடு வந்தால், அவளைப் புத்தி வரவைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதில் விசுவுக்குச் சந்தேகமே கிடையாது. அதற்கு அவர் கையாளும் வழியும் நாடகம் போட்டு ஏமாற்றுவதுதான். அங்கெல்லாம் வசனம் பட்டாசாக வெடிக்கும். கதை மட்டும் நொண்டும்.

ஆச்சி கேட்ட கேள்வி

இவ்வளவையும் கீழப்பாவூர் முன்கட்டில் உட்கார்ந்து சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிதான் சொன்னேன். மீதியைப் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்ன பாதிக்குச் சித்தி கொடுத்த பதில் இது:

"நீ படிச்சவன், பேசுவே. நந்தினியும் படிச்சவதானே? கட்டிக்கிட்டு அப்புறமாப் படிக்கலையா? இவளும் அப்படிப் படிக்கட்டுமே. வேண்டாம்னா சொல்லுதோம்?"

மகள் சொன்னாள்: "அண்ணே, நந்தினிக்கு அஞ்சு நிமிஷம். எனக்கு அஞ்சு வருஷம். மத்தியானம் சோறு பொங்கி, சாயங்காலம் பீடி கொண்டுபோய்க் கொடுத்துட்டு, ராத்திரி படிக்கணும். அத்தான் நல்லவருதான். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா பாட்டு யாரு போடுவா?"

"அத்தை நகையை அடகு வச்சு உனக்குப் பீஸு கட்டினாளே, அது எந்தப் பாட்டுலே வருது?" என்றார் சித்தி.

எனக்குப் பேச்சு வரவில்லை. நானும் பெண்ணும் ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம் என்று மனசுக்குள் கோடு போட்டு வைத்திருந்தேன். சித்தி போட்டது வேறு முடிச்சு. புருஷன் போன பிறகு நாளுக்கு ஆயிரம் பீடி, இருபத்தைந்து வீதம் நாற்பது கட்டு என்று சுற்றி மகளைப் படிக்க வைத்தவர் அவர். போதாத வருஷத்தில் கை கொடுத்தவள் நாத்தனார். அந்த நாத்தனாரின் மகன்தான் லோடு ஆட்டோக்காரன். இதற்கு எந்தக் கதாசிரியர் வந்தாலும் வில்லனை உண்டாக்க முடியாது. எல்லோருமே நல்லவர்கள். அதுதான் சங்கடம்.

டெலிவிஷனில் கதை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. பேரன் கொண்டுவந்த பாயசத்தைத் தாத்தா சாப்பிடுகிறார். ரத்தம் கக்கி விழுகிறார். ஊர் திரண்டு சின்னராசுமேல் பாய்கிறது.

அதுவரை வாய் திறக்காத ஆச்சி, பீடியின் முனையை மடக்கிக்கொண்டே கேட்டார்: "விஷம் வச்சது யாரு?"

"வில்லன்தான் ஆச்சி. நீங்கதான் நூறு தடவை பாத்திருக்கீயளே" என்றாள் பேத்தி.

"கதை எழுதுனவம்லா வச்சிருக்கான்! மகனை வேலைக்காரன் மாதிரி நடத்தினாம்லா அப்பன், அதுக்கு ஒரு நா பதில் சொல்லணும்லா? சொல்ல விடாம வாயிலே விஷத்தை ஊத்திப் படுக்க வச்சுட்டான். இப்ப அப்பன் பொழைச்சா போதும்னு ஊரே அழுவுது. மகன் பட்டதை எவன் கேக்கப் போறான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு மணி நேரமாகச் சுற்றி வளைத்ததை ஆச்சி ஒரு பீடி சுற்றும் நேரத்தில் சொல்லிவிட்டார். உண்மைதானே! குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் நோயாளிக் கட்டிலில் படுத்துவிட்டார். நல்லவன் என்று மகன் காட்சிக்குக் காட்சி நிரூபிக்கவேண்டியிருக்கிறது. தந்தைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தந்தை மகனை ஏற்றுக்கொண்டார் என்பதுதான் கதையின் முடிவு. மகன் தந்தையை மன்னித்தான் என்று முடித்திருந்தால் அது வேறு படம்.

"நம்ம ஊருச் சாமி என்ன செஞ்சுது?" என்று ஆச்சி தொடர்ந்தார். "இரணியனும் பெத்த அப்பன்தான். பிள்ளை சொல்லைக் கேக்கலே, மலையிலேருந்து உருட்டினான், நெருப்பிலே தள்ளினான். சாமி என்ன, போயி அப்பன் காலிலே விழுன்னா பிரகலாதன்கிட்டே சொல்லிச்சு? தூணைப் பொளந்துகிட்டு வந்து அப்பனையில்லா கேட்டுது! பதினாறு கையோட உக்காந்திருக்கு, போயிப் பாரு."

பிரகலாதன் கதையை நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பக்திக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடந்த வழக்கு, அதில் தீர்ப்புப் பிள்ளையின் பக்கம் என்று யோசித்ததில்லை. இவ்வளவு துணிச்சலான குடும்பக் கதை கோயிலுக்குள் இருக்கும்போது, நம் படக் கதாசிரியர்களுக்கு ஏன் அப்பனைக் கேள்வி கேட்க இவ்வளவு பயம்?

சித்திக்குக் கோபம். "அத்தை, நீங்க யாரு பக்கம் பேசுதீய? அவனும் உங்க பேரன்தானே?"

"ரெண்டும் என் பேரப்பிள்ளைகதான். அதான் சொல்லுதேன்" என்றார் ஆச்சி. "உன் நாத்தனா கொடுத்த பணத்தைப் பணமாத் திருப்பிக் கொடு. பிள்ளையைக் கொடுத்துக் கடனை அடைக்காதே. அவ கேட்டாளா உன்கிட்டே? நீயா நினைச்சுக்கிடுதே."

"கேக்க மாட்டா. கேக்காமலே இருக்குறதுதான் எனக்குச் சங்கடம்" என்றார் சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, தூள் பட்டதா, தெரியவில்லை.

மகள் எழுந்து டெலிவிஷனை அணைத்தாள். 'சுபம்' வரவில்லை. சாரல் விட்டிருந்தது. கட்டுகளை எண்ணினார்கள். நாற்பதுக்கு ஒன்று குறைந்தது. பீடிக்கடை அடைப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். இருபத்தைந்து பீடிக்கு இலை வெட்ட மகள் உட்கார்ந்தாள். சித்தி தூள் போட்டுச் சுற்ற, ஆச்சி முனை மடக்க, மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கடைசிக் கட்டை முடித்தார்கள்.

"சாயங்காலம் அத்தைகிட்டே நானே பேசுதேன்" என்று மகள் சொன்னாள், நூலை அறுத்துக்கொண்டே.

"என்னன்னு பேசுவே?"

"எனக்குக் கொடுத்த பீஸு எவ்வளவுன்னு கேப்பேன். அத்தானையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். அவருக்கு என்ன இஷ்டம்னு இதுவரைக்கும் யாராவது கேட்டீயளா?"

சித்தி மகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, பாஸ்புத்தகத்தை மேலே வைத்து, "சீக்கிரம் கொடுத்துட்டு வா. அத்தை வந்தா வாசல்லே நிக்கப்படாது" என்றார்.

நான் விடைபெற்றுக்கொண்டு பாவூர்ச்சத்திரத்துக்கு நடந்தேன். வழியில் லோடு ஆட்டோ ஒன்று எதிரே வந்தது. முன்னால் ஓர் இளைஞன். பக்கத்தில் கையில் பூவும் வாழைப்பழமுமாக ஓர் அம்மாள். அவர்கள்தானா என்று எனக்குத் தெரியாது. ஆட்டோ கீழப்பாவூர்ப் பக்கம் திரும்பிற்று.